அம்மாவின் கட்டி: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் உறுதியாயிற்று. அப்போது அவருக்கு வயது 54. எங்கள் வீடு யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கிறது. சிகிச்சை முடிந்த நாள்முதல் கோயில் வீதியிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும், கனடாவிலிருந்து வரும் தொலைபேசியிலும், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்டு வருகிறார்கள். அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களை மூத்த மகளாகிய நான் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வைத்தியம் படித்தவள் அல்லள். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதன் வழியாக வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த வைத்தியர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

கட்டி இருப்பதை உங்கள் அம்மா எப்படிக் கண்டுபிடித்தார்?

கிணற்றடியில்தான். 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு காலை, குறுக்குக்கட்டோடு குளிக்கும்போது சவர்க்காரம் போட்ட கை இடது மார்பின் மேற்புறத்தில், கக்கத்துக்குக் கிட்ட, எதிலோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருந்தது என்றும், அழுத்தினாலும் நோகவில்லை என்றும், தள்ளினால் நகரவில்லை என்றும் பிற்பாடு சொன்னார்.

எங்கள் ஊரில் என் அம்மாவின் வயதுப் பெண்கள் தங்கள் மார்பைத் தாங்களே பார்ப்பது மிகக் குறைவு என்பதை அந்த நேரத்தில்தான் நான் யோசித்தேன். ஈரச் சீலைக்கு மேலாகத் தண்ணீர் வார்த்து, அதற்கு மேலேயே உலர்ந்த சீலையைச் சுற்றி, உள்ளே இருந்த ஈரத்தைக் கீழே நழுவவிட்டு உடுப்பு மாற்றும் அந்தக் கைத்திறனை எங்களுக்கும் சிறுவயதிலேயே பழக்கிவிட்டார்கள். திறந்த கிணற்றடிக்கு அது வேண்டியதுதான். ஆனால் குளியலறை கட்டிக் கதவும் போட்ட பிறகும் அம்மா அப்படித்தான் குளித்தார். தோலில் ஏற்பட்ட சிறு குழியை அவர் ஒருநாளும் கண்ணால் காணவில்லை. அதை முதலில் கண்டவர் ஒரு வைத்தியர்.

கண்ட பிறகு ஐந்து மாதம் ஏன் பேசாமல் இருந்தார்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்பவர்களில் பலர் சிறிது குற்றம் சாட்டும் தொனியில் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதற்காரணம் நியாயமானது. அந்த ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு வந்து, ஒக்டோபர் முதலாம் திகதிவரை நீடித்தது. அதன் பிறகு வந்த காரணங்கள் எல்லாம் நாட்காட்டியிலிருந்து வந்தவை. கேதாரகௌரி விரதம் 21 நாள். காப்புக் கட்டி முடியட்டும் என்றார். தீபாவளிக்கு மறுநாளே கந்தசஷ்டி தொடங்கியது. கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதை, அதுவும் 21 நாள். மார்கழியில் திருவெம்பாவை. இவற்றுக்கு நடுவே என் தங்கை பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மனக்கலக்கம் கூடாது என்பது இன்னொரு காரணமாயிற்று. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவை ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டன. அந்த ஐந்து மாதத்தில் புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆயிற்று.

இதில் நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒக்டோபரில் அம்மா, கைநோவு என்று சொல்லிக்கொண்டு, வயதான ஒரு பரியாரியாரிடம் தனியாகப் போயிருக்கிறார். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டி ஏதும் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டாராம். அம்மா தலையாட்டியதும், எண்ணெயும் கொடுக்காமல் காசும் வாங்காமல், "உது என்ரை வேலையில்லை, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றிருக்கிறார். சரியான அறிவுரை சரியான நேரத்தில் கிடைத்தும், அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதபடியால் அது பயன்படாமல் போயிற்று. அப்பாவிடம் சொல்லக் கூச்சம், என்னிடம் சொல்லப் பயம், கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் அந்தச் சொல்லை வாயால் எடுக்கவே முடியாது.

எங்கள் பக்கத்து ஊரான மானிப்பாயில், 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் சொல்லிப் பாடம் நடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, என் அம்மா 'மார்பு' என்று சொல்ல வெட்கப்பட்டு 'கைநோவு' என்று சொன்னதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

பிறகு எப்படி வெளியே வந்தது?

தங்கைக்குக் குழந்தை பிறந்து, துடக்குக் கழியாத நாள்களில், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தாயையும் பிள்ளையையும் பார்க்க வீட்டுக்கு வந்தார். பால் கட்டினால் என்ன செய்வது, எப்படிப்பட்ட கட்டியைக் கவனிக்க வேண்டும் என்று தங்கைக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் நின்ற அம்மா, "அப்ப, நோகாத கட்டியெண்டால் பிரச்சினையில்லைத்தானே மிஸ்? சும்மா கேக்கிறன்" என்றார்.

அந்த 'சும்மா'வை அவர் நம்பவில்லை. கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு அம்மாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கால்மணி நேரத்தில் வெளியே வந்து, அடுத்த கிளினிக் நாளை ஒரு துண்டில் எழுதி, அம்மாவின் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

நோவில்லாத கட்டிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

நோவு இல்லை என்பதையே நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. மாதவிலக்குக்கு முன்னர் வந்து, பின்னர் குறையும் நோவும் கனதியும் அனேகமாக ஹோர்மோன் மாற்றத்தால் வருபவை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பான்மையானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் எது எந்த வகை என்பதைக் கையால் தடவித் தீர்மானிக்க வீட்டில் இருக்கும் எவராலும் முடியாது.

கட்டி ஒன்றைத்தான் தேட வேண்டும் என்றும் இல்லை. தோலில் குழி விழுதல், தோடம்பழத் தோல்போலத் தடித்துச் சொரசொரப்பாதல், முன்பு இல்லாதபடி முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத சிரங்குபோல் வருதல், ஒரு மார்பின் அளவோ வடிவமோ புதிதாக மாறுதல், கக்கத்தில் நெறி கட்டுதல் ஆகியவையும் வைத்தியரிடம் காட்ட வேண்டியவையே. பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து வீங்குவது பெரும்பாலும் கிருமித்தொற்றாக இருக்கும். மருந்து எடுத்தும் அது மாறாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாதவிலக்கு உள்ளவர்கள், அது தொடங்கி ஏழு முதல் பத்து நாள்களுக்குள், மார்பு இளகியிருக்கும் நேரத்தில் பார்ப்பது நல்லது. மாதவிலக்கு நின்றவர்கள் நினைவில் நிற்கும் ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம். அம்மா இப்போது பறுவத்தை, அதாவது பௌர்ணமி நாளை, பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்று போயா விடுமுறை, விரதம், தலைமுழுக்கு எல்லாம் சேர்ந்து வருவதால் மறப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டும், உயர்த்தியும், இடுப்பில் ஊன்றியும் பார்க்க வேண்டும். பின்னர் விரல் நுனியால் கிள்ளாமல், நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் வட்டமாக அழுத்தி, கழுத்தெலும்பிலிருந்து மார்புக்குக் கீழேவரை, கக்கம் உட்பட, ஓரிடமும் விடாமல் தடவிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சீனாவின் ஷங்ஹாய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. முறைப்படி சுயபரிசோதனை கற்றுக்கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்பதே அதன் முடிவு. அதனால் இன்று வைத்தியர்கள் சுயபரிசோதனையை ஒரு தேர்வுபோல வலியுறுத்துவதைவிட, உங்கள் உடம்பின் வழமை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது மாறினால் உடனே போக வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறார்கள். அம்மாவின் கதையும் அதையேதான் காட்டுகிறது. கட்டியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கை அதைக் கண்டுபிடித்தது, கால்தான் போகவில்லை.

எங்கே போக வேண்டும்? செலவு ஆகுமா?

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் முதல் வாசல். அங்கே வெல் வுமன் கிளினிக் நடைபெறும். இலங்கையில் 1996இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 35 வயதைத் தொட்ட பெண்களை முதன்மையாக நோக்கியது. மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, பிறஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். நாள் எதுவென்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். அங்கே சந்தேகம் ஏற்பட்டால் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். அம்மாவுக்குத் தந்த கடிதத்தோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். அரச வைத்தியசாலைகளில் பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. போக்குவரத்து, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, சில வேளைகளில் வெளியே எடுக்க வேண்டி வரும் மருந்து ஆகியவைதான் செலவு.

கட்டி ஒன்று ஏற்கனவே தெரிந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அருகிலுள்ள எந்த அரச வைத்தியசாலையிலும் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம்.

மமோகிராம் எல்லோரும் எடுக்க வேண்டுமா?

அது ஒரு எக்ஸ்றே. மார்பை இரு தட்டுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்தி எடுப்பார்கள், கொஞ்சம் நோகும். 40 வயதுக்குக் கீழே மார்பின் திசு செறிவாக இருப்பதால் அதில் கட்டி தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆகவே இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் ஸ்கானை முதலில் செய்வார்கள். குறிகள் இல்லாதவர் எடுக்க வேண்டுமா என்பது வயதையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்தது, கிளினிக்கில் கேளுங்கள்.

பயொப்சி ஊசி குத்தினால் கட்டி உடைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே?

எங்கள் வீட்டுக்கும் இதே கதையைச் சொல்லிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். ஊசி குத்திய பிறகுதான் இன்னாருக்கு நோய் கூடியது என்று ஓர் உதாரணமும் கையில் வைத்திருந்தார்கள். அந்த இன்னார் ஊசிக்கு முன்பு எத்தனை மாதம் வீட்டில் வைத்திருந்தார் என்று கேட்டேன், பதில் இல்லை. பயொப்சியால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. விறைப்பு ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் நூல்போன்ற சில துண்டுகளை எடுப்பார்கள். அதைச் செய்யாமல் அது புற்றுநோயா என்பதும் தெரியாது; புற்றுநோயாயின் ஹோர்மோனுக்கு இசையும் வகையா, ஹேர்-2 என்ற புரதம் மிகுந்த வகையா என்பதும் தெரியாது. மருந்தே அந்த வகையைப் பொறுத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. அம்மாவுக்கு வந்தது ஹோர்மோனுக்கு இசையும் வகை, ஹேர்-2 இல்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். எங்களுக்கு ஓர் ஆய்வுகூடம் தந்த அறிக்கையில் இடது என்பதற்குப் பதிலாக வலது என்று அச்சாகியிருந்தது. நான் கண்டுபிடித்துத் திருத்தி வாங்கினேன். வைத்தியர் கையால் பார்த்துத்தானே சத்திரசிகிச்சை செய்யப்போகிறார் என்று அங்கிருந்தவர் சமாதானம் சொன்னார். எனக்கு அது சமாதானமாக இருக்கவில்லை.

மார்பு முழுவதையும் எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்பையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் ஒன்றாக வெட்டியெடுக்கும் முறையைப் பரப்பினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதுவே விதியாக இருந்தது. பேர்ணாட் ஃபிஷர் என்பவர் தலைமையிலான குழு, 4 சென்ரிமீற்றர் வரையான கட்டியுள்ள பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கட்டியையும் சுற்றியுள்ள திசுவையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால், முழு மார்பையும் எடுத்தவர்கள் அளவுக்கே அவர்களும் உயிர்வாழ்கிறார்கள் என்று 2002இல் காட்டியது. ஆகவே கட்டியின் அளவு, இடம், எண்ணிக்கை, மார்பின் அளவு ஆகியவற்றைப் பார்த்து வைத்தியர் இரண்டு வழியையும் சொல்லக்கூடும்.

அம்மாவின் கட்டி மூன்றரைச் சென்ரிமீற்றர். இரண்டு வழியும் சொல்லப்பட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அண்ணா தொலைபேசியில் நிறையப் பேசினார். அம்மா முழுவதையும் எடுக்கச் சொன்னார். கதிர்வீச்சுக்கு அலையத் தேவைப்படாது என்பது அவருடைய கணக்கு. ஆனால் மார்ச்சில் சத்திரசிகிச்சை முடிந்து வந்த அறிக்கையில், எடுத்த 14 கணுக்களில் இரண்டில் நோய் இருந்தபடியால் கதிர்வீச்சும் வேண்டும் என்றாயிற்று. தேர்வு செய்தவர் அவர் என்பதால் அதற்காக அவர் வருந்தியதை நான் காணவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கக்கத்திலிருந்து ஒரு குழாயும் அதன் முனையில் நீர் சேரும் போத்தலும் இருந்தன. கோயிலுக்குப் பூக்கொண்டுபோகும் துணிப்பையில் அதைப் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு பத்து நாள் நடமாடினார். சுவரில் விரலை ஏணிபோல ஏற்றும் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். குசினிச் சுவரில் அவர் எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தோம். சிறுவயதில் எங்கள் உயரத்தை அளந்து அவர் கோடிட்ட அதே சுவர்தான்.

கீமோ (புற்றுநோய்க்கான மருந்து ஏற்றுதல்) எப்படி இருக்கும்?

அம்மாவுக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கொடுத்தார்கள். தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்து நிதி திரட்டியவர்களின் முயற்சியால் அங்கே புற்றுநோய்க்கென்று கட்டடம் எழுந்தது. அதற்கு முந்திய காலத்தில் எங்கள் பெரியம்மா ஒருவர் இதே நோய்க்காகக் கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த கதை வேறு. அந்த நாளில் அது ஒரு தேசாந்திரம்.

முதல் நான்கு தடவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து ஏற்றினார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தம் இல்லை என்று முன்னரே சொல்லிவைத்ததால் பயப்படவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வாரம் வாராவாரம் இன்னொரு மருந்து. முதலாவதில் ஓங்காளமும் வாய்ப்புண்ணும். இரண்டாவதில் விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சாமிக்கு மாலை கட்ட முடியாமற் போயிற்று. அதற்காக மட்டும்தான் அவர் அழுதார்.

கீமோ எடுப்பவர் வீட்டில் அவசியம் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டைத் தாண்டினால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாள்களில் காய்ச்சல் சில மணித்தியாலங்களில் உயிராபத்தாகலாம். 2022 ஜூனில் ஓர் இரவு அம்மாவுக்கு 38.6 காட்டியது. அந்த மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்: பெற்றோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை; எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை ஓகஸ்டில்தான் ஒழுங்காயிற்று. எங்கள் மோட்டார் சைக்கிள் வெறும் தாங்கியோடு நின்றது. அப்பா படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கை முனையில் இருந்த ஓட்டோக்காரத் தம்பியின் வீட்டைத் தட்டினார். அவரிடம் கடைசியாக ஒரு போத்தல் பெற்றோல் இருந்தது. எதற்கு என்று கேட்டபோது, நான்கு மாதமாக ஊரில் யாரிடமும் சொல்லாதிருந்ததை அப்பா அந்த இருட்டில் நின்று சொன்னார்.

ஊருக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் மறைக்கவில்லை, மறைக்க முடியவும் இல்லை. அடுத்த கிழமையே ஒருவர் சோடாப் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். வேறொருவர் தெல்லிப்பழைப் பக்கம் வேலைக்குப் போகும் தன் வாகனத்தில் ஓர் இடம் ஒதுக்கினார். கதை கட்டியவர்களும் இருந்தார்கள்; செய்வினை என்று ஒருவர், முன்வினை என்று இன்னொருவர். ஆனால் நான் எதிர்பாராதது வேறொன்று. எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஓர் அக்கா, மத்தியானத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, தானும் இதே நோய்க்கு ஆறு வருடத்துக்கு முன் சிகிச்சை எடுத்ததாகவும், மாமியாருக்கே தெரியாது என்றும் சொன்னார். அவர் முன்பே சொல்லியிருந்தால் அம்மா பயப்படாமல் போயிருப்பார் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன், நாங்களும் நான்கு மாதம் வாய் திறக்கவில்லையே. சொல்வதும் சொல்லாததும் நோயாளியின் உரிமை. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மறைப்பதற்கு எந்த நியாயத்தையும் நான் இதுவரை கேட்டதில்லை.

இது பரம்பரை நோயா? வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கலியாணம் குழம்பாதா?

கேள்வியின் முதற்பாதிக்கு: நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே பிறப்பில் வந்த மரபணு மாற்றம் காரணமாகிறது. பிரக்கா-1, பிரக்கா-2 என்பவை அவற்றில் நன்கு அறியப்பட்டவை. தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு, குறிப்பாக 50 வயதுக்கு முன் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சூலகப் புற்றுநோயும் இருந்தால், வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தகப்பன் வழியாகவும் இது வரலாம். நாங்கள் தாய்வழியை மட்டுமே எண்ணிப் பழகியிருக்கிறோம். மிகப் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் முன்பு ஒருவருக்கும் இருந்ததில்லை, ஆகவே 'எங்கள் பரம்பரையில் இல்லை' என்பதும் காப்பு ஆகாது.

இரண்டாவது பாதிக்கு எனக்குப் பொறுமை குறைவு. சாதகத்தில் செவ்வாயைத் தேடுவதுபோல வைத்தியக் கொப்பியில் நோயைத் தேடும் வீட்டில் பெண் கொடுக்காமல் இருப்பதே மேல்.

மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவருக்கு எப்படி வந்தது?

அம்மாவும் இதையே கேட்டார். பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளியான கணிப்பின்படி, மொத்தமாக ஒவ்வொரு 12 மாதம் பால் கொடுப்பதற்கும் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான். வயது கூடுதல், மாதவிலக்கு நின்ற பின் உடற்பருமன், மதுபானம், உடலுழைப்புக் குறைவு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. உலகில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. அவர்கள் அத்தனை பேரும் ஏதோ பிழை செய்தவர்கள் அல்லர். உள்ளாடை இறுக்கமும், சிறுவயதில் விழுந்த அடியும் காரணங்கள் அல்ல.

ஆண்களுக்கும் வருமா? தொற்றுமா?

வரும், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. தொற்றாது. அம்மா குடித்த தேநீர்க் கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்த உறவினர் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

பத்தியம் உண்டா? என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?

சீனி சாப்பிட்டால் கட்டி வளரும், இறைச்சி தொடக்கூடாது, மஞ்சளும் வேப்பிலையும் மட்டும் போதும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வைத்தியர் சொன்னது ஒன்றுதான்: புதிதாகச் சமைத்ததை, நன்கு வேகவைத்து, புரதம் குறையாமல் கொடுங்கள், நிறை இறங்க விடாதீர்கள். வாய்ப்புண் இருந்த நாள்களில் உறைப்பில்லாத பால்கஞ்சி, முட்டை, இடியப்பத்தோடு சொதி. மற்ற நாள்களில் முருங்கையிலை, பயறு, மீன். ஒடியற் கூழ் கேட்டார். உறைப்பைக் குறைத்துச் செய்தோம், அது கூழே இல்லை என்று திட்டிக்கொண்டு குடித்தார். மூலிகைக் குடிநீர் எதையும் கீமோ மருந்தோடு சேர்க்க முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள், சில பொருள்கள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

தலைமயிர் திரும்ப முளைத்ததா?

முதல் மருந்து ஏற்றி மூன்றாம் வாரம் கொட்டியது. சிகிச்சை முடிந்த பின் முளைத்தது, முன்பைவிடச் சுருட்டையாக.

இப்போது அம்மா எப்படி இருக்கிறார்?

கதிர்வீச்சு 15 நாள் நடந்து 2022 நவம்பரில் முடிந்தது. அதன் பிறகு லெட்ரசோல் என்ற குளிசையை நாளுக்கு ஒன்றாக எடுக்கிறார்; ஐந்து வருடம் எடுக்க வேண்டும். மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் தமொக்சிபென் என்ற வேறு குளிசை கொடுப்பார்கள். சுகமாயிற்றே என்று இதை இடையில் நிறுத்திவிடுபவர்கள் பலர் என்று கிளினிக்கில் கேள்விப்பட்டேன். நோய் திரும்பி வராமல் தடுப்பதில் இதன் பங்கு பெரிது. லெட்ரசோல் எலும்பைத் தேய்ப்பதால் கல்சியமும் விற்றமின் டீயும் எடுக்கிறார். மூட்டு நோகிறது. கணுக்கள் எடுத்த இடது கையில் வீக்கம் வரக்கூடும் என்பதால் அந்தக் கையால் தண்ணீர் வாளி தூக்குவதில்லை. பூச்செடி வெட்டும்போது கையுறை போடுகிறார். இரத்தம் எடுக்க வலக்கையை நீட்டுகிறார். சட்டைக்குள் வைக்கப் பஞ்சு அடைத்த ஒரு சிறு மெத்தையைத் தானே தைத்தார். ஒன்றை ஒழுங்கையில் இருக்கும் அந்த அக்காவுக்கும் தைத்துக் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் எழுத அம்மா சம்மதித்தாரா?

பெயர் போடக் கூடாது என்றார், போடவில்லை. முதலில் நான் கட்டி நெல்லிக்காய் அளவு என்று மட்டும் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது இடைமறித்து, "முதல்ல புளியங்கொட்டையளவுதான் இருந்தது, அதையும் போடு" என்றார். சங்கடமாக இருக்காதா என்று கேட்டேன். "எனக்குத்தான் சங்கடம். வாசிக்கிறவைக்கு என்ன?" என்றுவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையை இப்போது அவரே கட்டுகிறார், முடிச்சு மட்டும் கொஞ்சம் தளர்வாக விழுகிறது.